ஆட்டுக்கொட்டில் படிக்கல்

"கல்லுல எண்ணெய் பூசினது யாரு?" என்று பஞ்சகெண்ட் நகர அருங்காட்சியகத் தலைவர் அதட்டியபோது மிர்ஸோநபி எண்ணெய்த் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். படம் எடுக்கப்போகிறார்களே, பளிச்சென்று இருக்கட்டும் என்று பருத்திக்கொட்டை எண்ணெய் தேய்த்து, புதுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தவர் அவர்தான்.

படப்பிரிவில் விளக்குப் பிடிக்கும் ஷரோஃபத் மிர்ஸோநபியின் முகத்தை ஒருதரம் பார்த்தாள். "ரெண்டு நாள் குடுங்க, எண்ணெயை எடுத்துடுறேன்" என்று தலைவரிடம் சொன்னதோடு சரி.

அந்த ஆற்றுக்கல் நாற்பது வருஷமாக மிர்ஸோநபியின் ஆட்டுக்கொட்டிலுக்குப் படியாகக் கிடந்தது. போன ரமலானில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்த தண்ணீர் அதில் வழிந்தபோது ஏதோ கீறல் தெரிந்தது. அன்றிலிருந்து அவருக்கு ரொட்டி இறங்கவில்லை. யாருடைய கல்லறைமேல் இருந்த கபர்க் கல்லையோ மிதித்துக்கொண்டு நடந்தோமா?

"ஆடுகூட அதைத் தாண்டித்தான் குதிக்கும். உங்களுக்குத்தான் கண்ணு இல்ல" என்று மனைவி மொஹிரா வேறு குத்திக்காட்டினாள்.

ஷரோஃபத் களிமண்ணைக் குழைத்து அப்பி, காயவிட்டு, எண்ணெயை உறிஞ்ச வைத்தாள். மூன்றாம் நாள், கல்லுக்கு நேர்மேலே கேமராவை அசையாமல் நிறுத்தினாள். முதலில் விளக்கையும் மேலேயே பிடித்தாள். திரையில் வெறும் கல்.

"ஒண்ணுமில்லபோல, அபா?" அவளை மரியாதையாக ‘அக்கா’ என்றழைத்த அவர் குரலில், ஒன்றும் இருக்கக்கூடாதே என்ற ஆசை தெரிந்தது.

"பொறுங்க, அகா" என்று அவளும் அண்ணன் முறை வைத்தே சொன்னாள். "நேரா வெளிச்சம் போட்டா மேடும் பள்ளமும் ஒண்ணாத்தான் தெரியும்."

சன்னலைச் சாத்தினாள். விளக்கில் கட்டிய நூலின் நுனியைக் கல்லில் வைத்து, தூரம் மாறாமல் சுற்றிச்சுற்றி நகர்ந்தாள். நின்ற இடத்திலெல்லாம் ஒரு படம். விளக்கு இறங்கி இறங்கித் தரையோடு ஒட்டியபோது, கல்லின்மேல் மெல்ல நிழல்கள் எழுந்தன. எழுத்துகள்.

"இப்ராஹிமோட மகள் ஸாஹிதா" என்று அவள் படித்தாள்.

மிர்ஸோநபி அங்கேயே மண்டியிட்டு, இரு கைகளையும் ஏந்தி துஆ கேட்டார். கண் நிறைந்துவிட்டது.

"நாப்பது வருஷம் மிதிச்சிருக்கேனே, அபா."

"தெரியாம மிதிச்சீங்க. தெரிஞ்சுக்கணும்னு நீங்களேதான சுமந்துட்டு வந்தீங்க? அல்லாஹ் ரெண்டையும்தான் பாத்தான்" என்றாள். பிறகு மெதுவாக, "ஆனா இனிமே எண்ணெயைப் புலாவுக்கு வச்சுக்கோங்க" என்றாள்.

அழுகையோடு அவருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

படங்கள் அருங்காட்சியகத்தில் தங்கின. கல்லை ஊர்க் கபரஸ்தானில் நட அனுமதி கிடைத்தது. அதை வண்டியில் ஏற்றிய அன்றுதான் அவர் ஷரோஃபத்தைக் கடைசியாகப் பார்த்தது. மறுவாரம் அவள் மகளோடு குஜந்த் நகருக்குப் போய்விட்டாள். வண்டியில் ஏற்றிய அன்று அவர் தன் நெஞ்சில் கைவைத்து விடைபெற்றபோது அவள் சொன்னாள்:

"எழுத்து இருக்கிற முகம் தெற்க பாக்குற மாதிரி நட்டு வைங்க, அகா. சாயங்கால வெயில் பக்கவாட்டுலேர்ந்து விழும். அவங்க பேரைப் படிக்க என் விளக்குகூட வேண்டாம்."