பாய்க்கு அடியில் ஒரு பிடி சோறு

இது நடந்தது. பட்டம்பாங் நகரில், என் வீட்டில், 2019 செப்டம்பரில் நடந்தது. கதை கட்டுகிறாள் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். பெற்ற பிள்ளையை வைத்துக் கதை கட்டும் அளவுக்கு இந்தக் குந்தியாவுக்கு நெஞ்சழுத்தம் கிடையாது.

என் மகள் மாலிஸுக்கு அப்போது ஆறு வயது. செத்தவர்களுக்குப் பிண்டம் போடும் பதினைந்து நாட்கள் தொடங்கிய அன்று அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். அடம் இல்லை. வாயில் வைத்த சோறு உள்ளே இறங்கவில்லை. "வாய் சின்னதா இருக்கும்மா," என்றாள். மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். மூவருமே ஒன்றும் இல்லை என்றார்கள். பத்தொன்பது கிலோ இருந்த பிள்ளை பதினைந்துக்கு வந்துவிட்டாள்.

என் பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆறு வயதில் எனக்கும் இதே மாதிரி வந்து, சாகக் கிடந்து பிழைத்தேன். என் அம்மா சாரூன், பொல் பொட் ஆட்சியின் உழைப்பு முகாமில் பட்டினிக்குத் தப்பியவர். இன்றைக்கும் இடுப்புத் துணியில் ஒரு பிடி சோறு முடிந்துகொண்டுதான் தூங்குவார். ராத்திரி அறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போடுவார், வெளியே கிளம்பினால் பூட்டுப் போடுவார். சின்ன வயதில் தட்டில் ஒரு பருக்கை மீந்தாலும் எனக்கு அடி விழும். அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான். "உனக்கெதுக்குடி அதெல்லாம்? போய் வேலையப் பாரு."

ஆக, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் சோறுதான் எமன்.

முதல் இரவு, மணி 3.40. ஏதோ தீய்கிற வாசனை. அடுக்களைக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் எலெக்ட்ரிக் குக்கர். அதுவும் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. திரும்பி வந்தால், மாலிஸ் இருட்டில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"யாரோ சுள்ளி ஒடிக்கிறாங்கம்மா."

டக்... டக்...

எனக்கும் கேட்டது.

மறுநாளும் 3.40. அதற்கு மறுநாளும். ஏழாம் இரவு, வாசனையோடு காலடிச் சத்தம். சின்னக் காலடி. எங்கள் கதவைத் தாண்டி அம்மாவின் அறைவரை போய் நின்றது. திரும்பி வரவே இல்லை.

பதினான்காம் இரவு மாலிஸ் கண்ணைத் திறக்காமலே பேசினாள். "அவன் பேரை யாருமே கூப்பிடலயாம்மா. கூப்பிட்டாத்தான் அவனுக்கு வாய் திறக்குமாம்."

பசித்த பேய்களுக்கு வாய் ஊசித்துளை அளவுதான் என்பார்கள். விகாரையில் கொடுக்கும் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், பிக்குகள் அதை வாசிக்க வேண்டும். அப்போதுதான் செத்தவருக்குச் சோறு போய்ச் சேரும். எங்கள் வீட்டுப் பட்டியலை எழுதுவது அம்மா. வருஷா வருஷம் அதே ஏழு பெயர்கள்.

கடைசி நாள். அதிகாலை நான்கு மணி. பேய்களுக்கு வெளிச்சம் ஆகாது. இருட்டிலேயே விகாரையைச் சுற்றி வந்து பிண்டம் வீசிவிட வேண்டும். மாலிஸால் நடக்க முடியவில்லை, தோளில் போட்டுக்கொண்டு போனேன். மதில் ஓரமாக அம்மாவை மடக்கினேன்.

"பட்டியல்ல யாரை விட்டே?"

"வாயை மூடு, குந்தியா. கோயில்ல வந்து..."

"என் பிள்ளை செத்துட்டிருக்கா! சொல்லித் தொலையேம்மா!"

அம்மா சோற்று உருண்டைத் தட்டோடு என்னைத் தாண்டிப் போகப் பார்த்தார்.

அப்போது அந்தத் தீய்ந்த வாசனை...

அம்மாவுக்கும் அடித்திருக்க வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"என் தம்பி... வேஸ்னா. அஞ்சு வயசு. யாருக்கும் தெரியாம என் பாய்க்கு அடியில சோறு ஒளிச்சு வெப்பான். நான் திருடித் தின்னுட்டேன்டி. ஒருநாள் விடிஞ்சப்போ அவன் எழுந்திருக்கல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவனைச் சாப்பிடக் கூப்பிடுவேன்?"

"கூப்பிடும்மா. கால்ல விழறேன். கூப்பிடு."

மணி 4.25. அம்மா ஒரு உருண்டையை இருட்டில் வீசினார்.

"வேஸ்னா... சாப்பிட வாடா..."

உருண்டை விழும் சத்தம்...

கேட்கவே இல்லை.

என் தோளில் மாலிஸ் முணுமுணுத்தாள். "ஒளிச்சு வெக்கலயாம் அம்மாச்சி. உனக்குத்தான் வெச்சானாம்."

வீடு வந்தபோது 6.10. "பசிக்குதும்மா," என்றாள் மாலிஸ். இரண்டு கிண்ணம் மீன் கஞ்சி குடித்தாள். ஒவ்வொரு வாய் இறங்கும்போதும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு அழுதேன்.

அப்போது அம்மாவின் அறையில் அலறல்.

ஓடினேன். பூட்டு அம்மாவின் கையில் இருந்தது. இன்னொரு கையில், தூக்கிய பாய். முந்தின நாள் அதைச் சுருட்டியபோது கீழே வெறும் தரைதானாம்.

இப்போது...

வரிசையாகப் பிடிச் சோறு. மாலிஸின் கையைவிடச் சின்னக் கை பிடித்த பிடி. விரல் தடம் தெரிந்தது.

எல்லாம் அடிப்பிடித்த சோறு.

எண்ணினேன். பதினைந்து. பதினாலு காய்ந்து கல்லாகிக் கிடந்தன.

பதினைந்தாவதைத் தொட்டேன்.

சுட்டது.

அம்மா அதைக் கையில் எடுத்தார். ஒரு பருக்கை சிந்தாமல் தின்றார். நான் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் மிச்சத்தைச் சொன்னார். முகாமில் வேஸ்னாவுக்குச் சமையல் கொட்டகையில் சுள்ளி ஒடிக்கிற வேலை. விடிவதற்கு முன்பே எழுப்பிக் கூட்டிப்போவார்களாம். பானை அடியில் தீய்ந்த சோற்றில் அவனுக்கு ஒரு பிடி கொடுப்பார்களாம். இதை அம்மா அதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

"எத்தனை நாள்மா அந்த வேலை பார்த்தான்?"

"பதினஞ்சு நாள். பதினஞ்சு பிடியையும் நான்தான் தின்னேன். சோறு எங்கேன்னு ஒருநாள்கூட அவன் என்னைக் கேட்டதில்லடி."