உப்புப் போடாத ரத்தம்

கழுத்தில் கத்தி இறங்கியதும் ரத்தம் பீய்ச்சி அடிக்கும். பின்கால்கள் உதைத்துக்கொண்டே இருக்கும். நாயுடுபுரம் கறிக்கடையில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் என் வேலையில் சேர்த்திதான்.

பத்தாவது வரை படித்தவள் நான். ஒரு மேடம் வாடகை வீட்டில் நடத்தும் ஆய்வுக்கூடத்தில் உதவிக்கு இருக்கிறேன். தபால்தலை அளவு ரப்பர் வில்லையைக் கண்ணாடியில் ஒட்டுவோம். அதற்குப் பெயர் சிப். அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால்கள் ஓடும். ஆட்டு ரத்த அணுக்களை அவற்றில் நெருக்கி ஓடவிட்டு, அணுவின் மேல்சவ்வு எவ்வளவு இழுவை தாங்கும், எங்கே கிழியும் என்று மேடம் நுண்ணோக்கியில் பார்ப்பார்.

முதல் வாரம் நான் கொண்டுபோன ரத்தத்தில் அணுக்கள் முள் முள்ளாகச் சுருங்கிக் கிடந்தன. "உப்பு கூடினாத்தான் இப்படிச் சுருங்கும். எதுல பிடிக்கிறாங்க?" என்று மேடம் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொரியலுக்கு ஆகட்டும் என்று கடைக்காரர் சட்டியில் ஒரு கை உப்புப் போட்டுத்தான் ரத்தம் பிடிப்பார். இனி சொல்லிவிடுகிறேன் என்றேன்.

இரண்டாம் வாரம் கடையில் ஆண்கள் கூட்டம். உப்பைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. உப்பு ரத்தத்தையே கொண்டுபோனேன். மேடம் சிப்பைத் தரையில் அடித்து நொறுக்கினார்.

"ஆய்வுக்குப் பணம் குடுக்குறவங்க திங்கக்கிழமை பாக்க வர்றாங்க. அன்னிக்கும் ஓடலைன்னா இந்தக் கூடத்தை மூடிருவாங்க. உங்களுக்கும் வேலை இருக்காது."

ஞாயிறு வெள்ளனே, ரத்தம் உறையாமலிருக்க மேடம் மருந்து ஊற்றித் தந்த ஸ்டீல் பிளாஸ்க்கோடு போனேன். எனக்கு முன்னால் ரத்தம் வாங்கத் தூக்குவாளியோடு ஒருவன் நின்றான். இருந்தது ஒரே ஆடு.

"அண்ணே, உப்புப் போடாதீங்க" என்றேன்.

"உப்பில்லாம எப்பிடிக்கா பொரிப்பீக?" என்றார் கடைக்காரர்.

"பொரிக்க இல்ல. சோதனை பண்ண."

தூக்குவாளிக்காரன் சிரித்தான். "ஆட்டுக்குச் சுகர் இருக்கான்னு பாக்கப் போறாகளாம்! வெரசா அறுங்கண்ணே, எனக்குச் சோலி கெடக்கு."

கத்தி இறங்கியது. கடைக்காரர் கை உப்போடு சட்டிக்குப் போனது. அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினேன். உப்பு சிதறியது. மறுகணம் தூக்குவாளிக்காரன் என் கன்னத்தில் அறைந்தான். விழுந்தேன். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். என் முகத்தருகே ஆட்டின் கால் உதைத்துக்கொண்டிருந்தது. எழுந்து, கையிலிருந்த பிளாஸ்க்கால் அவன் நெற்றியில் அடித்தேன். மறுபடியும் அடித்தேன்.

"இதுல பிடிங்கண்ணே!" என்று கத்தியது நான்தான். கடைக்காரர் பிளாஸ்க்கை வாங்கி, பீய்ச்சும் கழுத்தடியில் பிடித்தார்.

அன்று அணுக்கள் வட்டமாக இருந்தன. அழுத்தம் ஏற ஏற நீண்டு, இடுங்கிய முனையில் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. மேடம் கைதட்டினார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"ஆடு உதைச்சிருச்சு மேடம்."

திங்கட்கிழமை வந்தவர்களும் அணுக்கள் கிழிவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கூடத்தை மூடவில்லை.

அடுத்த ஞாயிறு என் தலையைக் கண்டதும் கடைக்காரர் உப்பு டப்பாவை மேசைக்கடியில் தள்ளினார். நெற்றியில் பிளாஸ்திரியோடு தூக்குவாளிக்காரன் ஓரமாக நகர்ந்தான்.

"மொதல்ல அக்காவுக்குப் பிடிச்சுக் குடுத்திருங்கண்ணே."

நான் தரையைப் பார்த்தபடி பிளாஸ்க்கை நீட்டினேன். அதன் வயிற்றில் இரண்டு இடத்தில் நசுங்கியிருந்தது.