கழற்ற முடியாத கவசம்

எழுபதுகளின் தொடக்கத்தில், கிளேட்டன் என்ற அந்நிய ஊரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, நான் ஒருமுறை சாமுராயாகச் செத்திருக்கிறேன். பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஒரு படம் எடுத்தார்கள். பழைய ஜப்பானில் இரண்டு குலங்கள் மோதும் போர். கறுப்புத் தலைமயிர் உள்ளவன் எவனானாலும் அவர்களுக்குப் போதும். மனைவியின் பிரசவத்திற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. "போயிட்டு வாங்கோ, வீட்டிலை நிண்டு என்னையே பாத்துக்கொண்டிருக்காதேங்கோ" என்று அவள்தான் என்னைத் துரத்திவிட்டாள்.

ஊருக்கு வெளியே ஒரு பண்ணை. பழைய லினோலியத் தரைவிரிப்பை வெட்டிச் செய்த கவசத்தை, முறை தவறாத ஜப்பானிய மாணவன் ஒருவன் என் முதுகில் முடிச்சுமேல் முடிச்சாக இறுக்கினான். முதல் பாய்ச்சலிலேயே நான் சாக வேண்டும் என்று கட்டளை. கொடிகள் சரிய, புகைக்குள் இரு குலமும் மோத, நெஞ்சில் சிவப்புச் சாயத்தோடு சேற்றில் விழுந்து கிடந்தேன். அப்போதுதான் பண்ணைக்காரர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். நான் கொடுத்துவிட்டு வந்த பண்ணை நம்பருக்குப் பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்திருந்தாள். மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்.

ஒரு மாதம் முந்திவிட்டது. இங்கே அவளுக்குத் தாயில்லை, சகோதரியில்லை, தமிழில் அழுதால் விளங்கிக்கொள்ள ஒரு ஆளில்லை. கவசத்தைக் கழற்றப் பார்த்தேன். நனைந்த முடிச்சுகள் அவிழ மறுத்தன. எதிரிக் குலத்துத் தளபதியிடம்தான் கார் இருந்தது. அவன் வாளை எறிந்துவிட்டு, கவசத்தோடேயே என்னை ஏற்றிக்கொண்டு பறந்தான். வழியெல்லாம் தெரிந்த தெய்வங்களை ஒன்று விடாமல் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் என் நெஞ்சைக் கண்ட தாதிமார் அலறினார்கள். சாயம், வெறும் சாயம் என்று நான் கத்தக் கத்த, தள்ளுவண்டியில் படுக்கவைத்து விபத்துப் பிரிவுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். வாழ்க்கையில் அவ்வளவு ஆத்திரம் எனக்கு வந்ததில்லை. கயிறுகளைக் கத்தரித்து, காயமில்லை என்று கண்டபின்தான் விட்டார்கள்.

அதற்குள் பிரசவம் முடிந்திருந்தது. மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கையளவாகக் கிடந்தாள். இன்றிரவைத் தாண்டினால் பிழைப்பாள் என்றார் டாக்டர். சக்கர நாற்காலியில் இருந்த மனைவி, சாயம் காய்ந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சண்டையிலை எந்தப் பக்கம் வெண்டது?"

"இன்னும் முடியேல்லை" என்றேன்.

அவள் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப இஞ்சையே நில்லுங்கோ" என்றாள். "இனி நான் போகச் சொன்னாலும் போகாதேங்கோ."