அத்தை கப்பலுக்கு எடுத்துவந்த ஒயின்

சென்னைத் துறைமுகத்தில், கப்பலேறும் கூடத்து ஸ்டீல் மேஜைமேல் அந்தப் பாட்டில் நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. கழுத்து நீண்ட பச்சைப் பாட்டில். வாயில் தக்கையை அடித்து, அதன்மேல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றியிருந்தது. நடுவில், பள்ளிக்கூட நோட்டுகளுக்கு ஒட்டுகிற லேபிள் ஒன்று. பெயர் என்று அச்சடித்த இடத்தில் என் பெயர். வகுப்பு என்ற இடம் காலி. பாடம் என்ற இடத்தில் 'ஒயின்'. முப்பத்திரண்டு வருஷம் டீச்சராக இருந்தவரின் கையெழுத்து, ஒரு எழுத்துகூடக் கோட்டை விட்டு இறங்கவில்லை. எங்களுக்குப் பின்னால் என் ஆபீஸே வரிசையில் நின்றிருந்தது.

அந்த டீச்சர் என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பெங்களூரில் காக்ஸ் டவுனில், சர்ச்சிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. அந்தப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடவில்லை என்றால் அந்த வருஷம் யாரோ தவறிவிட்டார்கள் என்று அர்த்தம். அத்தை அக்டோபரிலேயே சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போய்க் கருப்புத் திராட்சையைக் கொத்துக் கொத்தாக மோந்து பார்த்து வாங்கி வருவார். கழுவி, ஈரம் போகத் துடைத்து, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், பட்டை எல்லாம் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டுவார். இருபத்தொரு நாள் மரக்கரண்டியால் கிண்ட வேண்டும். அவர் மட்டும்தான் கிண்டலாம். மகன்கள் ஜாடிப் பக்கம் போனாலே "கை வைக்காத, கெட்டுப்போவும்" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

கிறிஸ்துமஸ் காலை சர்ச்சிலிருந்து வந்ததும் ஊற்றுகிற முதல் கிளாஸுக்கு அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக மருமகள் வந்திருந்தால் அது அவளுக்கு. மாமியார் தன் கையால் கொடுக்க வேண்டும். அதைக் குடித்த பிறகு அவள் அந்த வீட்டுப் பெண். பைபிளில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் எங்கேயும் இல்லை. அத்தைக்கு அவருடைய மாமியார் கொடுத்தார், அவ்வளவுதான் கணக்கு.

எனக்கு அவர் கொடுக்கவில்லை. நான் இந்து வீட்டுப் பெண். தாத்தா காலத்தில் அரசாங்க வேலைக்காக இந்த ஊருக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் எங்களுடையது. கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது, சர்ச்சில் இல்லை. அத்தை வந்தார், கையெழுத்துப் போட்டார், போட்டோவில் நின்றார், கிளம்பிவிட்டார். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குத் தட்டில் எல்லாருக்கும் ஒயின் வந்தது. எனக்கு மட்டும் ரோஸ் மில்க். "உங்க வீட்ல இதெல்லாம் பழக்கம் இருக்காதுல்லமா" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். அந்தச் சிரிப்பை வைத்து யாராலும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாலு வருஷம் கழித்து என் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. ஓரகத்திக்கு முதல் கிறிஸ்துமஸிலேயே முதல் கிளாஸ் போனது. எல்லாரும் கை தட்டினார்கள், நானும்தான் தட்டினேன். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. எனக்கு ஒயினும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஆனால் அந்த வீட்டில் நான் யார் என்று ஒருமுறையாவது தெரிய வேண்டாமா? இப்படியே பதினொரு கிறிஸ்துமஸ் ரோஸ் மில்க் குடித்தேன்.

அந்தப் பதினொன்றாவது கிறிஸ்துமஸுக்குச் சில மாதம் முன்பு அத்தைக்கு முட்டி ஆபரேஷன் நடந்தது. காக்ஸ் டவுன் வீட்டில் படி அதிகம் என்று, வைட்ஃபீல்டில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து நாற்பது நாள் இருந்தார். நான் பெரிய தியாகி இல்லை, சொல்லிவிடுகிறேன். ரசத்தில் புளி அதிகம் என்பார், நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வேன். ஃபேன் வேண்டும் என்பேன், அவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். ஆனால் குளிக்க வைத்தது, கட்டுப் பிரித்தது, வலி தாங்காமல் அழுத இரண்டு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் நான்தான். பெற்ற மகன்களிடம் காட்டாத அழுகையை என்னிடம் காட்டினார். கிளம்பும் நாளில் நன்றி என்று ஏதும் சொல்லவில்லை. "கேஸை மெயின்ல ஆஃப் பண்ணிட்டுப் படு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அடுத்த ஜனவரியில் என் கம்பெனியில் ஒரு பெரிய வேலை முடிந்த சந்தோஷத்துக்கு எங்கள் டீம் முழுவதையும் சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் அனுப்பினார்கள். ஆளுக்கு ஒரு குடும்பத்தினரைக் கூட்டிக்கொண்டு வரலாம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. "அம்மாவ இட்டுனு போயேன், அவங்க கடலே சரியாப் பார்த்தது கிடையாது" என்றார். எனக்கு அரை மனசுதான். இருந்தாலும் காக்ஸ் டவுனுக்குப் போய்ச் சொன்னேன். என்ன பேசுவது என்று தெரியாமல், கப்பல்காரர்கள் அனுப்பியிருந்த மெயிலை வரிசையாகப் படித்துக் காட்டினேன். இத்தனை கிலோ பை, இன்ன மருந்து, ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயின். அத்தை நிமிர்ந்தார். "ஒயின் எடுத்துனு போலாமா?" "ஆளுக்கு ஒண்ணு போலாமாம் அத்தை." அடுத்த வரியில், கடையில் வாங்கியதாக, சீல் உடைக்காததாக இருக்க வேண்டும் என்று இருந்தது. நாம் எங்கே ஒயின் கொண்டுபோகப் போகிறோம் என்று அந்த வரியைத் தாண்டிவிட்டேன்.

துறைமுகத்தில் பைகள் எக்ஸ்ரே மெஷினுக்குள் போய் வந்தன. அத்தையின் கைப்பை மட்டும் ஒதுக்கப்பட்டது. செக்யூரிட்டிப் பெண் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே பாட்டில்.

"இது வீட்ல பண்ணதாம்மா?"

"ஆமாம்மா. நானே போட்டது. பாட்டில் கடை பாட்டில்தான், மேல இருந்த பேப்பரைத் தண்ணில ஊறப்போட்டுச் சுரண்டிட்டேன். நான் போட்ட ஒயின்மேல இன்னொரு கம்பெனி பேர் இருந்தா அது பொய்யாயிடும்ல."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய பேப்பரை அப்படியே விட்டிருந்தால் அவரே மேலோட்டமாகப் பார்த்துவிட்டு உள்ளே விட்டிருப்பார் என்று இப்போதும் தோன்றுகிறது. "வீட்ல செஞ்சது அலோடு இல்லம்மா. வழியனுப்ப வந்தவங்க இருந்தா கொடுத்துடுங்க. இல்லன்னா இங்கயே கொட்டிடணும்." வழியனுப்ப எங்களுக்கு யாரும் வரவில்லை, பெங்களூரிலிருந்து ரயிலில் வந்திருந்தோம். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "யார் உங்களை இதெல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னது?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அத்தை என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உனக்குத்தான் எடுத்துனு வந்தேன். முதல் பாட்டில் இது. கிறிஸ்துமஸ் அன்னிக்குத் தொறக்காம வெச்சிருந்தேன். வீட்ல எல்லார் முன்னாடியும் கொடுத்தா, இத்தினி வருஷம் ஏன் கொடுக்கலன்னு பேச்சு வரும். கப்பல்ல நாம ரெண்டு பேர்தானே, யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

புரியவில்லை என்று நான் இப்போது சொன்னால் அது பச்சைப் பொய். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பதினொரு வருஷம் எதற்காக வெந்துகொண்டிருந்தேனோ அது மேஜைமேல், என் பெயர் ஒட்டி நிற்கிறது என்று நன்றாகவே புரிந்தது.

அத்தை செக்யூரிட்டிப் பெண்ணிடம், "ஒரே ஒரு வாய் இவளுக்கு இங்கயே ஊத்திக் கொடுத்துட்டு மீதிய நானே கொட்டிடறேன்மா" என்றார். அவர் எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு, "நான் எதையும் பார்க்கல. சீக்கிரம்" என்று சொல்லி மெஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்கு இருந்த மனசு எனக்கு இல்லை. அத்தை மெழுகை நகத்தால் உடைத்து, தக்கையைப் பிடுங்கினார். தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த பேப்பர் கப் ஒன்றை எடுத்து அதில் பாதி ஊற்றினார். திராட்சை வாசனையும் பட்டை வாசனையும் வந்தன. கப்பை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார்.

அப்போது பின்னாலிருந்து என் மேனேஜர், "என்னங்க, பார்ட்டி இங்கயே ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்றார். அவர் நல்ல மனுஷர், வேடிக்கைக்குத்தான் சொன்னார். வரிசை முழுக்கச் சிரித்தது. தினமும் என்னோடு மீட்டிங்கில் உட்காருகிறவர்கள். அவர்கள் முன்னால் துறைமுகத்தில் நின்றுகொண்டு, பேப்பர் கப்பில், மாமியார் கையால் சாராயம் குடிக்கிறவளாக நான் நிற்பதை நானே பார்ப்பதுபோல் இருந்தது.

"அத்தை, என் மானத்தை வாங்காதீங்க. கீழ கொட்டுங்க."

அத்தை என் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார். நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். கப்பிலிருந்ததை ஒரு சொட்டுச் சிந்தாமல் பாட்டிலுக்குள்ளேயே திருப்பி ஊற்றினார். லேபிளை ஒரு ஓரத்திலிருந்து கிழியாமல் உரித்துக் கைப்பைக்குள் வைத்தார். பாட்டிலை அந்தப் பெண்ணிடம் கொடுத்து "நீங்களே கொட்டிடுங்கம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வா, லைன் நிக்குது" என்றார்.

கப்பலில் மூன்று நாளும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசிச் சமாதானமாகியிருப்பேன். அவரோ என் டீம் ஆட்களின் குழந்தைகளுக்கு விடுகதை போட்டார், எல்லாருடனும் போட்டோ எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில் மேனேஜர் கப்பல் ஒயினை வாங்கி அவருக்கு ஊற்றினார். ஒரு வாய் குடித்துவிட்டு "நல்லா இருக்குங்க" என்றார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் மேல்தளத்தில் நாங்கள் இருவர் மட்டும் நின்றபோது, "அத்தை, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "காத்து ஜாஸ்தியா இருக்கு, காது வலிக்கும், உள்ள போலாம்" என்று சொல்லி நடந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க அவர் எனக்கு இடமே கொடுக்கவில்லை.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது மெட்ரோ வந்துவிட்டதால் காக்ஸ் டவுன் போய்வருவது முன்புபோல் அவஸ்தை இல்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு போகிறேன். அத்தை மீன் குழம்பு வைக்கிறார், பேரன் படிப்பை விசாரிக்கிறார், மரியாதையாக வழியனுப்புகிறார். வெளியாட்கள் பார்த்தால் எங்களைவிட ஒற்றுமையான மாமியார் மருமகள் இல்லை என்பார்கள். நான் வைக்கிற ரசத்தில் புளி அதிகம் என்று மட்டும் அவர் சொல்வதே இல்லை. அதற்குத்தான் என் மனசு ஏங்குகிறது.

போன கிறிஸ்துமஸுக்கு நான் முடிவு பண்ணிக்கொண்டு போனேன். எல்லாரும் ஹாலில் இருந்தார்கள். அத்தை சமையலறையில் தனியாக முதல் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். நான் உள்ளே போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அத்தை, முதல் கிளாஸை எனக்குக் கொடுங்க."

அவர் தயங்கவே இல்லை. கிளாஸின் அடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, நிறைய ஊற்றி என் கையில் கொடுத்தார். "குடி. இதைக் கேக்கறதுக்கா இப்படி நிக்கிற? கேட்டவங்களுக்கு இல்லன்னு நம்ம வீட்ல என்னிக்காவது சொல்லியிருக்கோமா?" என்று சிரித்தார். குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. மனசாரத்தான் சொன்னார்.

குடித்தேன். இனிப்பாக இருந்தது, கடைசியில் கொஞ்சம் துவர்த்தது. பின்வாசலில் தெருவைக் கூட்டுகிற அம்மாள் எட்டிப் பார்த்து, "டீச்சரம்மா, எனக்கு இல்லையா?" என்று கேட்டார். "உனக்கு இல்லாமயா" என்று அத்தை இன்னொரு கிளாஸை எடுத்து, அதன் அடியையும் தலைப்பால் துடைத்து, எனக்கு ஊற்றிய அதே அளவு ஊற்றி, அதே சிரிப்போடு அவரிடம் நீட்டினார்.