நாலாம் நம்பர் துவக்கு

துவக்கு எடுத்துக் கொடுக்கிற வேலையும் செருப்புக் கடை வேலையும் ஒன்றுதான். வருகிறவர் அழகைப் பார்த்து எடுப்பார், கடித்த பிறகுதான் அளவைக் கேட்பார்.

ஏ.எல். படிப்பை நடுவில் விட்டுவிட்டு, நாவிதன்வெளிப் பக்கம் வயல் முடிகிற மேட்டிலுள்ள துப்பாக்கி சுடும் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இயந்திரம் களிமண் தட்டை வானத்தில் எறியும், "விடு!" என்று கத்தி, பறக்கிற தட்டைச் சுட்டு உடைக்க வேண்டும். துவக்கு எடுத்துக் கொடுப்பதும் புள்ளி எழுதுவதும் என் வேலை. இந்த முறை பொறுப்பாளர் நிஸ்தார் நானா எனக்கும் ஒரு வாய்ப்புத் தந்தார். கழகத்துத் துவக்கில் ஒன்றைத் தெரிவுசெய்து, சனிக்கிழமை இருபத்தைந்து தட்டில் பதினெட்டை உடைத்தால் கொழும்புப் போட்டிக்குப் போகலாம். ஒருமுறை சொன்ன துவக்கை மாற்ற ஏலாது. பிழையான துவக்கால் தோள் நொந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நீளம்

குழல் நீண்டால் சூடு தூரம் போகும் என்று எங்கட ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. பன்றி விரட்ட லைசன்ஸ் துவக்கு வைத்திருக்கிற விவசாயி ஒருவர் இருந்ததிலேயே நீளமானதைக் கேட்டார். முன்பக்கம் பாரம், கை திரும்பாது என்றேன். கேட்கவில்லை. வரம்பில் பதுங்கியிருக்கிறவர் மாதிரி குழலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பத்துத் தட்டும் முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தன. துவக்கைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பண்டி எண்டா ஒருக்கா நிண்டு பாக்கும் மகள், இது நிக்கிதே இல்ல!"

பாரம்

சாய்ந்தமருதில் இருந்து ஒரு மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, கூட்டாளிமாரோடு வந்தார். போட்டோவுக்குத் தூக்க வசதியாக இலேசான இரண்டாம் நம்பர் துவக்கை எடுத்தார். இலேசான துவக்குத்தான் தோளில் கூடுதலாக உதைக்கும் என்று இரண்டு தரம் சொன்னேன். கூட்டாளிமார் சிரித்தார்கள். அவரும் இருபத்தைந்து சூட்டையும் முடித்துவிட்டுத்தான் போனார். அடுத்த நாள் மறந்துபோன தொப்பியை எடுக்க வந்தவர், கதவை இடக்கையால் திறந்தார். "தங்கச்சி, தொழுகைல தக்பீர் கட்டக் கையைத் தூக்குறதுக்குள்ள இமாம் குனிஞ்சு ருகூவுக்குப் போயிட்டார்!"

வெள்ளி வேலைப்பாடு

அரிசி ஆலை முதலாளி ஒருவர் சொந்தத் துவக்கோடு வந்தார். பக்கத்தில் வெள்ளியில் மான் செதுக்கியிருந்தது. தோளில் வைக்கிற மரக் கட்டையோ அவருடைய கைக்கு ஒரு சாண் கூடுதல். கடைசித் தட்டில் தூள் மட்டும் பறந்தது. துண்டு விழுந்தால்தான் புள்ளி, தூளுக்குப் புள்ளி இல்லை. பூச்சியம் போட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "புகை வந்திச்சே மகள், உனக்குக் கண் தெரியாதா?"

மூன்று மடிப்பு

ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன நான் என்ன செய்தேன்? நாலாம் நம்பர் பாரமானது, சரியானது, ஆனால் கட்டையெல்லாம் கீறல். அதால் சுட்டால் எல்லாம் தட்டுக்கு மேலால் போனது. மாப்பிள்ளையின் தோளை மறந்து, இரண்டாம் நம்பரையே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாலாம் நம்பரின் குழல் வளைந்திருக்கிறது என்று நிஸ்தார் நானாவிடம் சண்டையும் பிடித்தேன். அவர் அதே துவக்கால் ஐந்து தட்டை வரிசையாக உடைத்துவிட்டுப் போனார்.

அவமானத்தில் நின்ற என்னைத் தட்டு எறியும் ரிஃப்கா சுற்றி வந்து பார்த்தாள். துவக்கின் கட்டை கன்னத்தில் ஒட்ட வேண்டும். என் கன்னத்தில் இருந்ததோ தடித்த ஸ்கார்ஃப். கண் ஒரு விரல் உயர்ந்தால் சூடும் உயரும். மூன்று நாளாக நான் அளந்தது துவக்கையே இல்லை. அவள் என் தாடையில் விரலை வைத்து அழுத்தினாள். "மூணு மடிப்பு, ஒரு ஊசி, அதுக்கு மேல நீ; துவக்கு என்னகா செய்யும்?"

சனிக்கிழமை

இழுபடுகிற மெல்லிய துணியில் ஒற்றை மடிப்பாக ஒரு ஸ்கார்ஃப் தைத்து, எல்லாத் துவக்கையும் முதலிலிருந்து சுட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலாம் நம்பர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை இருபத்திநாலு சூட்டில் பதினேழு உடைந்தது. கடைசித் தட்டு இடப்பக்கம் சாய்ந்து போனது. சுட்டேன். தூள் பறந்தது. தட்டு போய்க்கொண்டே இருந்தது. ரிஃப்கா உடைந்ததென்று கையை உயர்த்திவிட்டாள். புள்ளிப் புத்தகம் அன்றைக்கு நிஸ்தார் நானாவிடம். அவர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். ஆலை முதலாளியின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. "தூள்தான் நானா, துண்டு விழல்ல. பூச்சியம் போடுங்க," என்றேன். கொழும்புக்கு வேறு ஆள் போகிறார். துவக்கைத் துடைத்து வைக்கும்போது அடுத்த போட்டிக்கும் இதுதான் என்றேன். நிஸ்தார் நானா புத்தகத்தை மூடினார். "அப்ப நாளைக்கு ஏழு மணிக்கு வா, இடப்பக்கத் தட்டு மட்டும் நூறு எறியச் சொல்றன்."

சரியான துவக்கு கிடைத்ததில் ஒரே ஒரு நட்டம், இனிப் பழியைப் போடுவதற்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.