காதுகுத்துத் தேதி

அன்னவாசலில் பரிமளாவுக்கு எல்லாம் இருந்தது. பக்கத்து வீட்டில் ஓரகத்தி ராஜலட்சுமியும் இருந்தாள், அதுதான் குறை. அண்ணன் தம்பியான அவர்கள் கணவன்மார் இருவருக்கும் கத்தாரில் ஒரே கம்பெனி, ஒரே அறை. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் மனைவிமாருக்கும் வீடியோ கால் வரும். ராஜலட்சுமி வீட்டில் மட்டும்தான் வைஃபை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். பரிமளா அதே வைஃபைக்காக அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, "கேக்குதாங்க, கேக்குதா" என்று ஐந்து நிமிடம் கத்திவிட்டு எழுந்து வருவாள். நமக்கும் உருப்படியாக ஒரு நெட் இருந்தால் இப்படிச் சிரிக்கமாட்டோமா என்று வயிறு எரியும்.

தை மாதம் தனக்கென்று இணைப்பு வாங்கினாள். பெட்டியை மாட்ட வந்த சார்லஸிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "பக்கத்து வீட்டு போன்ல நம்ம வைஃபை பேரு தெரியுமா தம்பி?"

"தெரியுங்கக்கா. வேணாம்னா மறைச்சிரலாம்."

"மறைச்சிராதீங்க! நல்லாத் தெரியட்டும். ஆனா ஒரு சொட்டு நெட்டு அங்கிட்டுப் போகக் கூடாது."

சார்லஸ் பாடமே நடத்தினான். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை உடனே மாற்ற வேண்டும், பெயரும் பிறந்த தேதியும் ஆகாது, நீளமாகக் கலந்துகட்டி இருக்க வேண்டும். பரிமளா தலையாட்டினாள். அவன் போனதும், பிறந்த தேதியைத்தானே வேண்டாம் என்றான் என்று, மகள் வைஷ்ணவியின் பெயரோடு காதுகுத்துத் தேதியைச் சேர்த்துப் போட்டாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாவது வாரம் கணவன் குணசேகரனின் முகம் திரையில் கட்டம் கட்டமாக உடைந்தது. யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று செயலியைத் திறந்து பார்த்தாள். 'ராஜி' என்று ஒரு போன்.

சண்டைக்குக் கொல்லை வழியாக விறுவிறுவென்று போனவள் ராஜலட்சுமியின் ஆட்டுக்கொட்டகை முன்னால் அப்படியே நின்றாள். கொட்டகைக்கு மேலே மழைக்கு மூடியிருந்தது வைஷ்ணவியின் காதணி விழா ஃபிளெக்ஸ். கொட்டை எழுத்தில் பெயர், கீழே தேதி. விழா முடிந்த மறுநாள், "ஆட்டுக்கு ஆகும்க்கா" என்று தூக்கிக் கொடுத்தவளும் இவள்தான்.

வந்த வழியே திரும்பி வந்து, தன்னாலேயே எழுதி வைத்த சீட்டைப் பார்க்காமல் அடிக்க முடியாதபடி இருபது எழுத்தில் பாஸ்வேர்டை மாற்றினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை குணசேகரன் எடுத்ததுமே சொன்னான்: "வாய்க்கா தோண்டும்போது அண்ணி வீட்டு வயரு அறுந்து பத்து நாளாச்சாம். அண்ணன் பேசணுங்குது. போனக் கொண்டுபோய்க் குடு."

கடுகடுத்த முகத்தோடு கொண்டுபோய் நீட்டினாள். ராஜலட்சுமி இன்று கதவைச் சாத்தவில்லை. திரையில் அவள் கணவன் வந்தான்.

"ராஜி, சாப்டியா? ஏன் மொகம் வாடிக் கெடக்கு? முழங்கால் வலி கொறைஞ்சுச்சா?"

ராஜலட்சுமி சிரித்தாள். அதே சிரிப்பு. பரிமளாவுக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

போனை வாங்கிக்கொண்டு தன் வீட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். படம் அத்தனை தெளிவு. குணசேகரன் இவளைப் பார்க்காமல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது கூட நன்றாகத் தெரிந்தது.

"ம், சொல்லு. வேற என்ன?"

"சிக்னல் சரியில்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.