சிறைக்குப் போகாதவனுக்கு ஒரு நகல்

என் தங்கை மகனுக்குத் தியாகராய நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் வேலை கிடைத்தது. ஏரியைத் தூர்த்து அப்போதுதான் அங்கே வீதிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தால் பள்ளிக்கூட வாசல்வரை சேறு. அவன் சேர்ந்து பாடம் நடத்தத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வேலையை நிரந்தரமாக்குமுன் போலீஸாரிடம் நடத்தை விசாரிப்பது அந்நாளில் வழக்கம். அதற்கு வந்த பதிலில், அந்நியத் துணி விற்ற ஜவுளிக்கடை மறியலில் கைதாகி ஆறு மாதம் சிறையில் இருந்தவன் என்று எழுதியிருந்தது. தலைமையாசிரியர் அவனைத் தனியே கூப்பிட்டு, சர்க்கார் மானியம் வாங்கும் பள்ளிக்கூடம் இது, கோடை விடுமுறை முடிவதற்குள் அது தப்பு என்று காட்டும் ஆதாரம் கொண்டுவந்தால் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவன் சிறைக்குப் போனதில்லை. கைதானது மட்டும் நிஜம். மயிலாப்பூர்க் குளத்தருகே ஒரு கடை வாசலில் தொண்டர்களோடு உட்கார்ந்திருந்தவனைப் பிடித்துப்போய், ஒரு ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருந்து, காலையில் எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். தங்கை கணவனை இழந்தபின் என் வீட்டிலேயே இருந்தாள். அவளுடைய ஒரே பிடிமானம் அந்த வேலை.

"காகிதம் பார்க்கறதுதானே அண்ணா உன் உத்தியோகம்? நீ போனா நடக்கும்" என்றாள்.

நான் ஒரு ஆபீசில் பத்திரங்களைச் சரிபார்க்கிறவன். நடக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதலில் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே ஏடு எழுதும் ரைட்டர் கெட்ட மனிதர் அல்ல. பழைய தினசரி ஏட்டை எடுத்துப் புரட்டி, இரண்டு வரிகளின்மேல் விரலை வைத்துக் காட்டினார். இரண்டு வரியிலும் ஒரே பெயர். அது சாதாரணமாக எங்கும் வழங்கும் பெயர், ஆச்சரியமில்லை. தகப்பனார் பெயரும் ஒன்றாக இருந்ததுதான் விபரீதம். அந்தக் காலத்துத் தொண்டர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. போலீஸ் தகப்பனார் பெயர் கேட்டால், "பாரத தேசம்" என்பார்கள். விலாசம் கேட்டால் தொண்டர் முகாமைச் சொல்வார்கள். என் மருமகனும் அப்படியே சொல்லியிருக்கிறான். அவன் பெயரே கொண்ட இன்னொருவனும் அப்படியே சொல்லியிருக்கிறான். வயதும் ஏறக்குறைய ஒன்று. ஒருவனை எச்சரித்து விட்டதாக ஒரு வரி. இன்னொருவனைக் கோர்ட்டுக்கு அனுப்பி ஆறு மாதம் ஆனதாக அடுத்த வரி. எது யார் என்று அந்த ஏட்டில் இல்லை. நடத்தை விசாரணை வந்தபோது, மருமகனை லாக்கப்பில் பார்த்த ஞாபகம் உள்ள ஒரு கான்ஸ்டபிள், ஏட்டில் அவன் பெயரைத் தேடி, தண்டனை உள்ள வரியை எழுதிக் கொடுத்துவிட்டான்.

"ஒரே பேரு, ஒரே நைனா, ஒரே விலாசம்" என்றார் ரைட்டர். "இதுல உங்க ஊட்டுப் புள்ள எதுன்னு நான் இன்னா சாமி, சோழி போட்டா பாக்கறது?"

கோர்ட்டில் நகல் மனுப் போட்டேன். பல நடை நடந்தபின் கிடைத்த நகலிலும் அதே பெயர், அதே தேசம், அதே முகாம். அங்கிருந்த ஒரு வக்கீல் குமாஸ்தாதான் வழி சொன்னார். சிறையில் ஆளை உள்ளே சேர்க்கும்போது சட்டையைக் கழற்றச் சொல்லி அங்க அடையாளங்களை எழுதிக்கொள்வார்கள். மச்சம், தழும்பு எல்லாம் அந்த ஏட்டில் இருக்கும். அதன் நகலும் பையனின் உடம்பும் ஒத்துவராது என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதும்.

டிராம் ஏறி, இறங்கி, மாறி, சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த சிறைக்குப் போனேன். வெளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். அதன் முன்னால் மனு கொடுக்க வந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், வெயிலில் குந்தியிருந்தார்கள். என் முறை வந்தபோது விஷயத்தை ஒழுங்காகச் சொன்னேன். உள்ளே இருந்த குமாஸ்தா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கைதியாக இருந்தவன் கையெழுத்தில்லாமல் அந்த ஏட்டின் நகல் வெளியே போகாது என்றார். என் மருமகன் கைதியாக இருந்ததில்லை என்பதைக் காட்டத்தானே நகல் கேட்கிறேன் என்றேன்.

"உள்ள இல்லாதவாளுக்கு நகல் கிடையாது சார். இருந்தேன்னு ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கோ, இந்த வாரத்துலயே தரோம்."

பரிகாசமாகச் சொல்லவில்லை. விதி அப்படி. அன்றைக்கு வீடு திரும்பி முகம் கழுவிக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இருந்தேன் என்று எழுதிக் கொடுத்தால்தான், இல்லை என்று காட்டும் காகிதம் வரும். அப்படி எழுதிக் கொடுத்தால் அந்தக் கையெழுத்தே அவனுக்கு எதிரான சாட்சி. முப்பது வருஷம் பத்திரம் பார்த்தவனுக்கு இதிலிருந்து வெளியே வர ஒரு வழிதான் தெரிந்தது. உண்மையில் உள்ளே இருந்தவன் கையெழுத்துப் போட வேண்டும்.

அவன் எங்கே இருக்கிறான் என்று, மறியலில் கூட உட்கார்ந்திருந்த மருமகனுக்குத் தெரியும். ஆனால் சொல்லத் தயங்கினான். தங்கை அழுதபிறகு சொன்னான். அந்தப் பையன் நொச்சிக்குப்பத்துக்காரன். இப்போது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கில் வேலை. தாயோடு அடையாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தான்.

நான் போனபோது வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். யார் என்று சொன்னதும் துணியைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"எங்க அண்ணன் சௌக்கியமா கீறாரா சார்? ஒரே அப்பனுக்குப் பொறந்தவங்கதான நாங்க" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் விஷயத்தைக் கேட்கக் கேட்கச் சிரிப்புப் போய்விட்டது. சட்டைக் காலரை இழுத்து வலது தோளைக் காட்டினான். தூண்டில் முள் கிழித்த நீண்ட தழும்பு. சிறையில் அதைத்தான் எழுதிக்கொண்டார்களாம். நான் தேடிய ஆதாரம் ஒரு முழ தூரத்தில், தோலோடும் ரத்தத்தோடும் நின்றது. அதை எடுத்துப்போய்த் தலைமையாசிரியர் மேஜைமேல் வைக்க முடியாது.

கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்று அவன் கேட்டான். நான் மறைக்கவில்லை. மனுப் போட்டவன் இவன்தானா என்று பார்க்க ஒரு கான்ஸ்டபிள் வீட்டுக்கு வருவான், வேலை செய்யும் இடத்திலும் விசாரிப்பான் என்றேன். அவன் வேலையில் சேரும்போது ஜெயிலுக்குப் போனதுண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியிருந்தான். கம்பெனி விசாரித்தபோது, சொந்தத் தகப்பன் பெயரில் போலீஸில் எதுவும் அகப்படவில்லை. அதனால் வேலை நிலைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பதில் சொல்வதாகச் சொன்னான்.

சொன்னபடி வந்தான். திருத்தமாக எழுதி வைத்திருந்த மனுவையும் பேனாவையும் அவன் முன்னால் வைத்தேன். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"போட்றலாம்னுதான் சார் கெளம்பினேன். கெளம்பறப்ப ஆத்தா, எங்கடா போறேன்னு கேட்டுச்சு. பதில் சொல்ல வாய் வரல. என்னால ஆவாது சார்."

நான் வாதாட வாயைத் திறந்தேன். அதற்குள் மருமகன் கூடத்திலிருந்து வந்துவிட்டான். "விடுங்கோ மாமா" என்றான். அவனிடம் திரும்பி, "வாடா, காபி சாப்பிட்டுட்டுப் போ" என்றான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றபடியே குடித்தார்கள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தங்கைதான்.

"இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம் நீ" என்று அவள் அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள். பிறகு நெடுநாள் தேவைக்கு மேல் என்னோடு பேசவில்லை. அழுத்திச் சொல்லியிருக்கலாம்தான். அடையாற்றில் அந்த வீட்டு வாசலில் நின்றபோதே என்னிடம் அழுத்தம் மிச்சமில்லை.

வேலை போயிற்று. மருமகன் மாட வீதிகளிலும் லஸ் பக்கத்திலும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். சாயங்காலங்களில் திரும்பும்போது அவன் முகம் என் முகம் போல வாடி இருக்கும்.

சில வருஷங்களுக்குப் பின் மாகாணத்தில் மந்திரிசபை மாறியது. சிறைக்குப் போனவர்கள் மந்திரிகள் ஆனார்கள். முன்பு கதவைச் சாத்தியவர்களெல்லாம் கதரில் சட்டை தைத்துக்கொண்டார்கள். தியாகராய நகர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. தேசத்துக்காக ஆறு மாதம் சிறையிருந்த உபாத்தியாயரை நிர்வாகம் கௌரவமாகத் திரும்ப அழைக்கிறதாம்.

தங்கை சுவாமிக்கு விளக்கேற்றினாள். மருமகன் மட்டும் ஒரு நாள் முழுவதும் யோசித்தான். கடைசியில் ஒரு கடிதம் எழுதி என்னிடம் காட்டினான். தான் சிறைக்குப் போகவில்லை, போனது வேறொருவர், இதைத் தெரிந்துகொண்டு வேலை கொடுப்பதானால் சம்மதம் என்று இருந்தது. சுருக்கமாக, பிழையில்லாமல் இருந்தது. நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. துணைக்கு நானும் போனேன்.

அதே தலைமையாசிரியர். கடிதத்தைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"போலீஸ் ரிப்போர்ட்டே எங்கிட்ட இருக்கே. இவ்வளவு அடக்கம் வேண்டாம்" என்றார்.

நான் குறுக்கிட்டு, கடிதத்தில் இருப்பது சத்தியம் என்றேன். அப்படியானால் அதற்கு ஆதாரம் உண்டா என்று என்னைக் கேட்டார். கடிதத்தை மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, மூன்றாம் பாரம் வகுப்புக்கு அவனை அழைத்துப் போனார். நான் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அறையில் தலைமையாசிரியர் பையன்களுக்கு அவனைப் பெருமையாக அறிமுகம் செய்வதும், பிறகு போவதும் கேட்டது. ஒரு பையன் எழுந்து, "சார், ஜெயிலுக்குள்ள எப்படி சார் இருக்கும்?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாதுப்பா. நான் போனதில்லை" என்றான் மருமகன். பையன்கள் நம்பாமல் சிரித்தார்கள். அவன் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். "போனவர் ஒருத்தர் அடையாற்றில் இருக்கார். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுண்டு வந்து சொல்றேன். இப்போ கணக்கு நோட்டை எடுங்கோ."